முன்சக்கரத்துக்கு மட்டும்

அக்டோபர் கடைசி. ஔலு நகரில்
இன்னும் பனி விழவில்லை.
ஆனாலும் வெய்யோவின் சைக்கிள் கடையில் வரிசை.

நூற்றாறு ஆணி பதித்த டயர் ஒன்று,
இருநூற்று நாற்பது பதித்தது இன்னொன்று.
மாவின் பதம் பார்க்கும் கட்டைவிரலால்
இரண்டையும் அழுத்திப் பார்க்கிறாள் இர்மெலி,
விடியுமுன் நாலு மணிக்கு
ரொட்டி அடுப்பு மூட்டுகிறவள்.

"மலிவானதில் ஒரு ஜோடியா,
நல்லதில் ஒன்றே ஒன்றா?
இவ்வளவுதான் காசு."

"பின்சக்கரம் வழுக்கினால்
இடுப்பை ஆட்டிச் சமாளிக்கலாம்.
முன்சக்கரம் என்றால்..."
முடிக்காமல், மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான் வெய்யோ.
ஏழு தையல்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வெறும் தார்ச்சாலை.
முன்னால் மட்டும் கடுகு பொரிகிற சத்தம்.
ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.
கூச்சமாக இருந்தது அவளுக்கு,
வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போவதுபோல.

நவம்பர் ஒன்பது.
பெய்த மழை பெய்தபடியே உறைந்த இரவு.
பாலத்து இறக்கத்தில் பின்சக்கரம்
தன்பாட்டுக்கு ஒரு பக்கம் போனது.
முன்சக்கரம் கடித்துக்கொண்டு நின்றது.

கீழே ஆறு, இன்னும் உறையாமல்.

இறங்கிப் பார்க்கவில்லை.
மணி மூன்று ஐம்பது.
இடுப்பை மட்டும் ஒருமுறை
ஆட்டிவிட்டு மிதித்தாள்.