அச்சில், ஒரு மீட்டர்

சட்பரியில் மைனஸ் இருபத்தெட்டு.
கீழ்த்தளத்தில் பதினோராம் தடவை
ஹார்னின் தொண்டையை
இரண்டு மில்லிமீட்டர் ஒடுக்குகிறேன்.
கணினி யோசிக்கிறது.
பிறகு கோடு
நானூறு ஹெர்ட்ஸில் கரையேறி
நாலாயிரம் வரை
உறைந்த ராம்சி ஏரியாய் நீட்டிக் கிடக்கிறது.
இனிப் பலகை வெட்டலாம்.

மேசையில் இன்னொரு கோடு.
போன கிழமை காது சோதித்த பெண்
அச்சடித்துத் தந்தது.
நிக்கல் சுரங்கத்தில் பதினேழு வருசம்;
மூவாயிரத்தில்
ட்ரில் தோண்டிய குழி.
அதற்கப்பால் கோடு மேலே ஏறவேயில்லை.

ஆறு டெசிபல் மேடொன்று கட்டினேன்,
என் குழிக்கு அளவெடுத்து.
வாயை விரித்தேன், சுவரின் வளைவை முறித்தேன்.
திரையில் அது கொப்புளம் மாதிரி.

தேத்தண்ணியோடு சுகிர்தா.
"இது ஆருக்கு?"
"எனக்கு."
"அப்ப எனக்குக் காதில குத்தாதோ?"

மென்பொருளில் கேட்பவர் ஒருவர்தான்:
ஒரு மீட்டர் தள்ளி, அச்சில்,
அசையாமல், பெயரில்லாமல்.
இரண்டாமவரை எங்கே இருத்துவது?
ஒவ்வொரு பெட்டியாய்த் திறந்து பார்க்கிறேன்.

மேட்டை மூன்றாய்க் குறைத்து
மறுபடி ஓடவிடுகிறேன்.
கணினி யோசிக்கிறது.
படியுச்சியில் நின்று அவள் ஏதோ சொல்கிறாள்.
எனக்கு வந்து சேர்ந்தது:
"ஆப்பாடு ஆறுது."