மேல் அம்பு

முத்துக்கடையில் பழச்சாறுக் கடைக்கு மாடியில்
என் நெட் சென்டர்.
கலந்தாய்வு நாட்களில் மட்டும்
படிக்கட்டிலும் ஆள் நிற்கும்.

எது எடுத்தா வேலை கிடைக்கும் அக்கா என்பார்கள்.
பி.காம். முடித்து ஜெராக்ஸ் போடுகிறவளிடம்
கேட்கிற கேள்வியா அது.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
கணினி மேலிருந்து கீழே படிக்கும்.
கிடைக்கக்கூடியதை மேலே போட்டால்
ஆசைப்பட்டதை அது பார்க்கவே பார்க்காது.
இதைச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.
பிரிண்ட் மட்டும் பக்கத்துக்கு ஐந்து ரூபாய்.

லோகேஸ்வரி வந்தபோது மணி நாலு இருபது.
ஐந்துக்கு மூடிவிடும்.
கட்-ஆஃப் நூற்று எழுபத்தொன்றரை.
கையில் அப்பா எழுதிக் கொடுத்த தாள்:
கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், ஐ.டி., கம்ப்யூட்டர்,
ராணிப்பேட்டைக்கு பஸ் விடும் கல்லூரிகளுக்கு நட்சத்திரம்.
கடைசியில் பென்சிலில், வேறு கையெழுத்தில்,
சென்னை, தோல் தொழில்நுட்பம்.

நாற்பத்திரண்டாவது வரி அது.
மேல் அம்புக்குறியை அவளே அழுத்தினாள்.
நாற்பத்தொன்று. நாற்பது.
ஒவ்வொரு கல்லூரியாக இறங்கி வழிவிட்டது.
பதினெட்டில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.
நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன்.

"அந்த நாத்தம் என்னோட போவட்டும்னு சொல்லுவாரு.
ஆனா அவரு நகக்கண்ணு ஏன் நீலமாவே இருக்குதுன்னு
கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கும் தெரியலக்கா."
மறுபடி அம்பு.
ஒன்று.

பூட்டுவதற்கு ஓ.டி.பி. வேண்டும்.
அது போனது ஏகாம்பரத்தின் போனுக்கு.
போன் இருந்தது ஷெட்டுக்கு வெளியே
ஆணியில் மாட்டிய சட்டைப் பையில்.
நாலு நாற்பது. நாலு நாற்பத்தாறு.
ஏழாவது அழைப்பில் யாரோ எடுத்து
உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.
டிரம் சுற்றுகிற சத்தம்,
உள்ளே ஈரத்தோல் ஏறி ஏறி விழுகிற சத்தம்.
"இன்னாம்மா, எல்லாம் நான் எழுதினபடிதானே?"
"நம்பரச் சொல்லுப்பா."
கத்திக் கத்திச் சொன்னார்.
ஒண்ணா ஏழா என்று இரண்டு தடவை கேட்டாள்.
ஏழு. ஏழும்மா. ஏழு.

பூட்டப்பட்டது என்றது திரை.
மூன்று பக்கம், பதினைந்து ரூபாய்.
முதல் பக்கத்தை நாலாக மடித்து
ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்தாள்.
மற்ற இரண்டையும் கையில் பிடித்தபடி
படி இறங்கினாள்.