சத்தத்தை யார் குறைப்பது

ஐந்தே முக்கால் பருத்தித்துறை பஸ்.
கொக்குவில் கந்தோரில் தீராத ஒரு சண்டையைத்
தோள்பையில் போட்டுக்கொண்டு
யாழ்ப்பாணம் ஸ்டாண்டில் ஏறுகிறேன்.

சண்டை இதுதான்.
மென்பொருளே பெருக்கிக் கழித்துச்
சத்தத்தைக் குறைத்து அனுப்பட்டும் என்கிறான் யதுகுலன்,
எந்தப் பெட்டியிலும் ஒரே மாதிரிக் கேட்கும், தலையிடி இல்லை.
நான் சொல்கிறேன், ட்ரைவருக்கு விடு.
முழுசாய்க் கொடு.
சிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதுக்குத்தான் தெரியும்
எங்கே திருகினால் எது குறையும் என்று.

இந்த பஸ்ஸில் ட்ரைவர் என்றால் தவபாலன் அண்ணை.
பிள்ளையார் படத்துக்கும் கட்டித்தொங்கும் தேசிக்காய்க்கும் நடுவில்
அம்ப்ளிபயர். அதன் குமிழ் அவருடையது.
பாட்டு, கண்டக்டர் மிதுர்சனின் போனில்.
இரண்டு பேருக்கும் இடையில்
டேப் சுற்றிய ஒரு கறுப்பு வயர்.

இருபாலை வரை ஒரு குறையும் இல்லை.
கோப்பாயில் ஏறிய ஒரு தாய்
"பிள்ளை நித்திரை, கொஞ்சம் குறையுங்கோ" என்றா.
மிதுர்சன் போனில் குறைத்தான். மூன்று கோடு.
எஞ்சினோடு இருக்கிற அண்ணைக்குப் பாட்டுக் கேட்கவில்லை,
குமிழை வலப்பக்கம் திருகினார்.
மிதுர்சன் இன்னும் ஒரு கோடு குறைத்தான்.
குமிழ் இன்னும் கொஞ்சம்.

உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும்.
பதினாறு பிட்டில் வந்த குரல்.
ஆறு டெசிபல் குறைய, அடியிலிருந்து ஒரு பிட் உதிரும்.
முதலில் போவது பாடகி மூச்செடுக்கிற இடம்.
பிறகு, தபேலா அடங்கின பின்னும்
தோலில் மிஞ்சியிருக்கிற நடுக்கம்.
மிஞ்சினதை அம்ப்ளிபயர் ஊதிப் பெருப்பிக்கிறது,
கூடவே தன் சொந்த இரைச்சலையும்,
கல் அரிக்காமல் வடித்த சோறு மாதிரி.

நீர்வேலி வாழைத்தோட்டம் தாண்டும்போது போன் அடித்தது.

ரிங்டோனுக்குத் தனிக் கணக்கு.
அதை ஒருவரும் குறைத்திருக்கவில்லை.
முழுசாய்த் திறந்து கிடந்த குமிழுக்குள்ளால்
ஒரு நாதஸ்வரம் வந்து பஸ்ஸின் தகரத்தை உதறியது.
அதற்கு அடியில் பாட்டும் ஓடுகிறது;
இரண்டையும் கூட்டினால் முப்பத்திரண்டாயிரத்து
எழுநூற்று அறுபத்தேழுக்கு மேலே இடமில்லை,
மிஞ்சின முகடெல்லாம் தட்டையாய் வெட்டுப்படும்.
பிள்ளை எழும்பி வீரிட்டது.
மீன்பெட்டியோடு நின்றவர் ஒரு தூசணத்தை
முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.
அழைத்தது பஸ் முதலாளி.

எழும்பிப் போய்ச் சொன்னேன்:
"தம்பி, போனை முழுசாய் வையும்.
குறைக்கிறதென்றால் அங்கே, குமிழில.
அப்பத்தான் சத்தம் சுத்தமாய் வரும்."
காசு எண்ணுவதை நிறுத்தாமல் சிரித்தான்.
"அக்கா, எனக்குத் தெரியாதே?
எல்லாத்தையும் அங்கால குடுத்தா
அண்ணைக்குப் பிடிக்காத பாட்டெண்டா
ஒரேயடியா அமத்திப்போடுவார்.
இந்த மூண்டு கோடுதான் என்ர கையில இருக்கு."

ஆவரங்கால் வரை எனக்கு மறுமொழி வரவில்லை.
போன வருசம் யதுகுலன் எழுதிய மிக்ஸரை
நான்தான் அவனைக் கேளாமல் தூக்கினேன்.
சத்தம் சுத்தமாய் வரும் என்றுதான்
அப்போதும் சொன்னேன்.

வல்லைவெளி. எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது.
காற்று, பாட்டு, எஞ்சின், பிள்ளையின் விக்கல்
எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும்
ஒன்றும் வெட்டுப்படவில்லை.
தவபாலன் அண்ணை கண்ணாடிக்குள்ளால் பின்னுக்குப் பார்த்தார்.
குமிழை இடப்பக்கம், கால் சுற்று.
யாரும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து மிதுர்சனின் பெருவிரல்
ஒரு கோடு கூட்டியது.

நெல்லியடியில் இறங்கி
யதுகுலனுக்கு எழுதத் தொடங்கினேன்.
"உன்ர மிக்ஸர்" என்ற அளவில்
பின்னாலே பஸ் கோர்ன் அடிக்க
போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒதுங்கினேன்.