கிராம்பு கொஞ்சம் அதிகம்

ஆறரை மணி. கால்வேயில் இன்னும் இரவுதான்.
மழை படுக்கைவாட்டில் பெய்கிறது.
கெட்டில் சீறத் தொடங்கியதும்
மேல்வீட்டுக்காரர் இருமலை நிறுத்திக் காது கொடுக்கிறார்.

செவில் ஆரஞ்சு ஜனவரியில் மட்டும்தான் வரும்.
ஊரே ஜாம் காய்ச்சக் கூடை கூடையாய்த் தூக்கிப் போக
நான் மூன்று எடுத்தேன்.
“மூன்றில் என்ன ஜாம் வரும்?”
என்றாள் கடையில் இருந்த பெண்.
சிரித்து வைத்தேன்.
தோலெல்லாம் அம்மைத் தழும்பு,
உள்ளே சதையைவிட விதை அதிகம்,
பிழிந்தால் ஒரு கை கசப்பு.
அது போதும் எனக்கு.

எலுமிச்சையை வட்டமாக அரிகிறேன்.
தோலோரம் கிராம்பு குத்த வேண்டும், வட்டத்துக்கு ஏழு.
டொமினிக் தெரு மதுக்கூடத்தில்
பதினெட்டுக் குளிர்காலம் குத்தியிருக்கிறேன்.
கட்டைவிரல் நுனிக்கு இப்போது வலி தெரிவதில்லை.
வெந்நீர், பழுப்புச் சர்க்கரை, இந்த வட்டம்;
பிறகு இடப்பக்க அலமாரியிலிருந்து விஸ்கி
வந்தவர்க்கு ஓர் அளவு,
தெரிந்தவர்க்கு ஒன்றரை,
கதவைச் சாத்திய பிறகு எனக்கு
அளவில்லை.

கை இன்றும் இடப்பக்கம்தான் போகிறது.
என் வீட்டில் அங்கே ஓட்ஸ் டப்பா.
நூற்றுப் பன்னிரண்டு நாளாக
ஓட்ஸ் டப்பாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது,
தப்பான வீட்டு மணியை அடித்துவிட்டவன் போல.

கண்ணாடிக் குவளைக்குள் முதலில் கரண்டியை நிறுத்தவேண்டும்.
கொதிநீர் விழும்போது சூட்டைக் கரண்டி வாங்கிக்கொள்ளும்,
கண்ணாடி விரியாது.
எனக்கு அப்படியொரு கரண்டி இருந்ததில்லை
என்று சொன்னால் க்ளோடா சிரிப்பாள்.
சிரிப்பாளா?
மகள் போனை எடுத்து ஒன்றரை வருடம்.

முதல் குவளை வெறும் புளிப்பு.
அந்த இடத்தில் என்னதான் ஊற்றுவது?
திங்களன்று இஞ்சி தட்டிப் போட்டேன், தொண்டை மட்டும் எரிந்தது.
செவ்வாய் மிளகு. புதன் கட்டன் தேநீர்.
இன்று ஆரஞ்சுத் தோலை
வெள்ளையோடு சேர்த்தே வேகவைத்தேன்,
ஒரு பட்டை, ஒரு கரண்டித் தேன்,
கசப்பு மெல்ல எழுந்து
காலியிடத்தில் உட்கார்ந்தது.
முழுக்க நிறையவில்லை.
ஆனால் நாற்காலியில் யாரோ இருக்கிறார்கள்.

ஃப்ளாஸ்க்கை ஜாக்கெட்டுக்குள் அணைத்துக்கொண்டு
பிளாக்ராக் படிக்கட்டுக்குப் போனேன்.
கடலுக்குள் ஐந்து தலைகள்; இருட்டில் யார் யாரென்று தெரியாது,
வசைச்சொல்லை வைத்துத்தான் அடையாளம்.
முதலில் ஏறியவன் பல்மருத்துவன் ஃபீக்ரா,
வெந்த நண்டு நிறத்தில்.
பின்னால் கோப்னெட்,
முப்பது வருடம் கடிதம் சுமந்த தோள்கள், ஊதாத் தொப்பி.
கை நடுக்கத்தில் குவளைகள் ஒன்றோடொன்று மோதின.
உதட்டு உப்போடு குடித்தார்கள்.
உப்பை நான் போடவேயில்லை,
அதுதான் குறைந்திருந்ததோ என்னவோ.

கோப்னெட் மேலங்கிக்குள் கைவிட்டாள்.
சின்னத் தகரக் குப்பி.
“ஒரு சொட்டு, எலும்புக்கு.”
ஃபீக்ராவுக்கு, அடுத்தவனுக்கு, தனக்கு.
அந்த வாசனை
காற்றை எதிர்த்து நேராக என்னிடம் வந்தது,
என் பெயர் தெரிந்த நாயைப் போல.

என் குவளைமேல் உள்ளங்கையை மூடினேன்.
ஆவி சுட்டது. எடுக்கவில்லை.
ஒரு அலை வந்து படியைத் தொட்டுப் போகும் நேரம்
அவள் என் கையைப் பார்த்தாள்.
எத்தனையோ வீட்டு உறைகளைத் திறக்காமலே
உள்ளே என்ன என்று அறிந்தவள்.
குப்பியை மூடினாள். ஒன்றும் கேட்கவில்லை.
தன் குவளையை உறிஞ்சி முகம் சுளித்தாள்:
“கிராம்பு கொஞ்சம் அதிகம்.”

பிறகு நீட்டினாள், இன்னொன்றுக்கு.

வீட்டில் ஃப்ளாஸ்க் கழுவும்போது விடிந்திருந்தது,
விடிந்தது என்று சொல்லும் அளவுக்கு.
வடிகட்டியில் நைந்த வட்டம் ஒன்று.
எண்ணினேன். ஆறு கிராம்புதான்.
ஏழாவது என் நாக்கடியில் கிடக்கிறது,
வெகுநேரமாக.
ஈறு மரத்துவிட்டது. துப்பவில்லை.