எண்பத்துச் சொச்சம் மீட்டர்

காரைக்குடி ரயிலடியின் மஞ்சள் பலகையில்
கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை என்று எழுதியிருக்கும்.
எண்பத்துச் சொச்சம் மீட்டர்.
விடியலில் பல்லவனுக்கு ஓடுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை.
நான் படிப்பேன்.
என் வேலை ரத்தம் எண்ணுவது.

செக்காலை ரோட்டில், மாடியில், எங்கள் லேப்.
பதினெட்டுப் படி.
லிஃப்ட் வைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டுத்தான்
எல்லாரும் உட்காருவார்கள்.

சித்திரையில் ஒரு செவ்வாய்.
லடாக்கிலிருந்து வண்டி மாறி மாறி வந்திருந்த
சேவுகமூர்த்தி கையை நீட்டினார்.
தங்கைக்குப் பிரசவம், ரத்தம் கொடுக்கணும் என்றார்.
பத்தொன்பது புள்ளி ஆறு என்றது கருவி.
மறுபடி போட்டேன். அதே பத்தொன்பது புள்ளி ஆறு.
ஊசியில் வரும்போதே தெரிந்திருக்க வேண்டும்,
நாவல்பழக் கருப்பில்
யோசித்து யோசித்து வந்தது.

"எங்கே டூட்டி?"
"பதினேழாயிரம் அடி மேடம்.
பூட்ஸ் நாடா கட்டினாலே நின்னு மூச்சு வாங்கணும்."

அங்கேயும் இதே காற்றுதான்,
நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிராணவாயு.
அதை நெஞ்சுக்குள் அழுத்துகிற கைதான் மெலிந்துபோகும்.
சிறுநீரகம் முதலில் மோப்பம் பிடித்து
எலும்புக்குள் ஆள் அனுப்பும்:
இன்னும் செய், இன்னும் சிவப்பாய்ச் செய்.
சந்தையில் சரக்கு குறையக் குறைய
வண்டியைக் கூட்டிக்கொண்டே போகிற வியாபாரம்.

அதே பெஞ்சில் பொன்னழகி.
கோவிலூர். கல்யாண மண்டபத்தில் அண்டா துலக்குகிறாள்.
படியேறிய மூச்சு
இன்னும் அவள் தோளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
ஏழு புள்ளி நான்கு.

டாக்டருக்கு இரண்டு எண்ணிலும் நம்பிக்கையில்லை,
பழைய முறையில் சுற்றிப் பார் என்றார்.
சுற்றுகிற கருவிக்கு ஒரு விதி உண்டு:
ஒரு குழாய்க்கு எதிரே இன்னொன்று வேண்டும்,
இல்லையென்றால் மேசையோடு ஆடும்.
அவருடையதற்கு எதிரே அவளுடையதை வைத்தேன்.
அரைமணி நேரம்
லடாக்கும் கோவிலூரும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றின.

நின்றபோது
அவர் குழாயில் பாதியைத் தாண்டிச் சிவப்பு.
அவளுடையதில்
கஞ்சித் தண்ணிக்கு அடியில் கிடக்கும் நாலு பருக்கை.

இவளும் மேலேதான் இருக்கிறாள்.
ராமேஸ்வரம் தாண்டிப் போனதில்லையாம்.
கடல் பக்கத்துக் கனத்த காற்று
நெஞ்சு நிறைய இறங்கத்தான் செய்கிறது,
ஏற்றிப்போக வண்டி இல்லை.
அவள் நடக்கிற தரை முழுக்க இரும்பு,
அதனால்தான் இந்த மண் சிவப்பு.
மழை பெய்தால் சேலைக் கரை வரை ஏறும்.
தோலைத் தாண்டாது.

"என்னுதுல பாதிய அந்த அக்காவுக்கு ஊத்திருங்க மேடம்."
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
இத்தனை கெட்டியை எடுக்கமாட்டோம்,
இறங்கட்டும் என்றார் டாக்டர்.
"நான் இறங்கி ஆறு நாளாச்சு சார்."
"நீங்க இறங்கிட்டீங்க. ரத்தம் இன்னும் இறங்கல."

ஆனியில் மறுபடி வந்தார், லீவு முடிகிற வாரம்.
பதினைந்து புள்ளி எட்டு.
நல்ல எண் என்றேன், அவர் முகம் விழுந்தது.
மறுபடி தலைவலி, மறுபடி வாந்தி,
மறுபடி ஒவ்வொரு சொட்டாய்ச் சேர்க்கணும்.
தங்கைக்குப் பெண் குழந்தை, ரத்தம் தேவைப்படவில்லை.
பிறகு, போகிற போக்கில்:
"அந்த அக்கா?"

பொன்னழகியின் காகிதம் தட்டிலேயே கிடக்கிறது.
டாக்டர் நேரில் வரச்சொன்னார், வரவில்லை.
நாற்பது ரூபாய் பாக்கி, நாளைக்குத் தாரேன் என்று போனவள்.
ரிங் போகிறது, எடுப்பதில்லை.

பதினெட்டுப் படி.
அவளுக்கு அது எத்தனை ஆயிரம் அடி என்று
எண்ணத் தெரிந்த நானாவது
ஊசியோடு கீழே இறங்கிப் போயிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.
காகிதம் என் கைப்பையில்.
மண்டபத்துப் பின்வாசலுக்குப் படி கிடையாது,
விசாரித்துவிட்டேன்.