ரெண்டு நூல்

பேரணாம்பட்டு, அத்தீக் பாய் வீட்டு மாடி.
மரப்பெட்டியில் வைக்கோலைக் கிளறினால்
நீலமாய் ஒரு வாஷ்பேசின்,
பாதி தர்பூசணி அளவு.
மொராக்கோவில் ஃபெஸ் என்ற ஊராம், கையால் வரைந்ததாம்.
தோல் விற்கப் போனவர்
வழியெல்லாம் மடியில் வைத்து வந்ததுபோலச் சொல்கிறார்.

சுற்றியிருந்த தாளில் அரபி எழுத்து.
எங்கே போடுவதென்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.
கண்ணாடி மாட்டி ஒரு வரி படித்தார்:
"பந்தாட்டம்பா. மூணுக்கு ஒண்ணு தோத்துட்டாங்களாம்.
கீழ விரிச்சு உக்காரு."
உட்காரவில்லை.
மடித்து ஸ்பேனர் பைக்குள் வைத்தேன்.

வேஸ்ட் கப்ளிங் இறங்கவில்லை.
நம்மூர்க் கப்ளிங் ஒண்ணேகால் இஞ்சு.
அவன் விட்ட ஓட்டை ரெண்டு நூல் கம்மி.
"இன்னா பண்லாம்?" என்றார்.
அராவலாம்.
விரிசல் விட்டால் என் ஆறுமாசக் கூலி
அந்த ஓட்டை வழியாகவே போய்விடும்
என்பதை நானும் சொல்லவில்லை
அவரும் சொல்லவில்லை.

சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டு
லுஹர் பாங்கிலிருந்து அசர் வரைக்கும் தேய்த்தேன்.
நீலத்துக்கு அடியில் வெளிறிய மண்,
மாவாகி நகக்கண்ணில் ஏறியது.

அவ்வளவு நேரம் முகத்தோடு முகம் வைத்திருந்தால்
ஒளித்தது தெரியும்.
விளிம்பைச் சுற்றி இதழிதழாய் வரைந்துகொண்டே வந்தவன்
முடிக்கிற இடத்தில் இடம் பத்தாமல்
கடைசி மூன்று இதழை
ஷேர் ஆட்டோவில் ஏற்றியதுபோல் நெருக்கிவிட்டான்.
டேய், உனக்குமா?
போன வாரம் குடியாத்தத்தில்
கடைசி டைல்ஸ் கோணலாகிப் போக
அதன்மேல் பக்கெட்டை வைத்து மறைத்துவிட்டுக்
காசு வாங்கி வந்தவன் நான்.

அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன்.
ஒயிட் சிமெண்ட். சிலிகான்.
துண்டோடு வந்த தாஜுன்னிசா அம்மா
தலையைச் சாய்த்து ஒரு சுற்று பார்த்தார்.
"இந்தப் பூ மட்டும் ஏன் ஒடுங்குது?"
"குழாய்க்கு வழிவிட்டிருக்காம்மா."

முனிசிபல் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருதரம்.
அன்றைக்கு முறை.
குழாய் இரண்டு தரம் இருமியது,
செம்மண்ணாய்க் கக்கியது, பிறகு தெளிந்தது.
வந்த தண்ணீர் நெருக்கியிருந்த இதழ்களின்மேல் மோதி
வெளியே தெறிக்காமல்
ஒரு வட்டம் போட்டு இறங்கியது.
அம்மா என்னைப் பார்த்தார்.
எனக்கே கொஞ்சம் குழப்பம்தான்.

சீட்டில் எழுதிக் கொடுத்தேன்:
கப்ளிங் ஒன்று, வாசர் இரண்டு,
தேய்ந்த அரம், ஒருநாள் கூலி.

பந்தாட்டத் தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.
தோற்றவர்களின் கோல்கீப்பர்
கைகளை அகல விரித்து
அந்தரத்தில் படுத்திருக்கிறான்.
பந்து அவன் விரலுக்கு அப்பால்,
அளந்து பார்த்தால்
ரெண்டு நூல் இருக்கும்.