இருப்பிடம்: புவெனஸ் ஐரிஸ்

மூன்றாம் எண் நெடுஞ்சாலையில்
பதினேழாவது மணி நேரம்.
சன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததற்கும் வேலி போட்டிருக்கிறார்கள்.
வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு குவானாக்கோ
கழுத்தை நீட்டிப் பேருந்தைப் பார்க்கிறது,
தபால் வருமென்று நிற்பதுபோல.

மடிக்கணினியைத் திறந்து
கைபேசியின் இணையத்தை ஊட்டினேன்.
கண் விழித்ததும் சொன்னது:
புவெனஸ் ஐரிஸில் மழை, குடை எடுத்துக்கொள்ளவும்.
உங்களிடமிருந்து நானூறு மீட்டரில்
சூடான பீட்சா. அரை மணியில் வரும்.

பக்கத்து இருக்கையில் எலெயுத்தேரியோ நவெல்கீர்.
வியெட்மாவில் ஏறியவர்,
ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போகிறவர்.
திரையை எட்டிப் பார்த்தார்.
"ரெண்டா வாங்கிடுங்க.
ஒண்ணுல வெங்காயம் வேண்டாம்."

கைபேசிக்குத் தெரியும் நாங்கள் எங்கே என்று.
அது அண்ணாந்து பார்க்கும்.
நாலு செயற்கைக்கோளிடம் மணி கேட்டு
தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.
என் மடிக்கணினிக்கு அண்ணாந்து பார்க்கக் கழுத்தில்லை.
அது விசாரிப்பது ஒன்றே ஒன்று:
என் பேச்சு எந்த வாசல் வழியாக
வெளியே போனது?

சாலையோரக் கோபுரம் வாங்கி,
கண்ணாடி இழையில் இறக்கி,
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்
மண்ணுக்கடியில் ஓடி,
தலைநகரில் கம்பெனிக் கட்டடம் ஒன்றில்தான்
என் சொல் முதன்முதலாக உலகத்தைப் பார்க்கிறது.
அங்கே அதன் நெற்றியில் ஓர் எண் ஒட்டுகிறார்கள்.
அதே எண் இந்த நிமிடம்
இன்னும் எத்தனையோ பேர் நெற்றியிலும்.
எண்ணைப் பார்த்து ஊரைச் சொல்லும் பட்டியல்
எங்கோ இருக்கிறது.
அது பொய் சொல்வதில்லை.
வாசல் இருக்கும் ஊரைச் சரியாகவே சொல்கிறது.
வந்தவள் எங்கிருந்து வந்தாள் என்று
வாசலைக் கேட்டது யார் குற்றம்?

இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது
ஒரு வழக்கில் தோற்ற பிறகு.

நான் தொழிலாளர் நல ஆய்வாளர்.
போன வருடம் இதே பக்கம்,
ஒரு பண்ணைக் கொட்டகையில்
பதினாலு பேருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி,
தொட்டியில் தவளை.
அங்கேயே உட்கார்ந்து, முழங்காலில் கணினியை வைத்து
படிவம் நிரப்பினேன்.
இருப்பிடத்தைப் படிவம்
தானே நிரப்பிக்கொண்டது.
வக்கீல் எழுந்து, தொண்டையைக் கனைத்து,
"ஆய்வாளர் பசுல்தோ அம்மையார்
தலைநகரை விட்டு நகரவேயில்லை, கனம் நீதிபதி அவர்களே.
அவருடைய கணினியே சாட்சி."
என் காலணியில் ஒட்டியிருந்த சாணத்தை
யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

எலெயுத்தேரியோ கேட்டார், எந்தப் பண்ணை?
பேரைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் வேலிக்கம்பங்களை எண்ணுவதுபோல இருந்தார்.
"தொட்டி அங்கதான் இருக்கு.
தவளைதான் வேற."

மறுபடியும் அங்கேதான் போகிறேன்.
அவரும்.

ட்ரெலெவ் வருவதற்குள்
படிவத்தின் முதல் பக்கத்தையாவது முடிக்கலாமென்று
அலுவலகத் தளத்தைத் தட்டினேன்.
தடுத்து நிறுத்திக் கேட்டது:
புவெனஸ் ஐரிஸிலிருந்து யாரோ
உங்கள் பெயரில் உள்ளே நுழையப் பார்க்கிறார்கள்.
அது நீங்கள்தானா?

இல்லை என்றால் கதவு சாத்திவிடும்.
ஆம் என்றால்
அந்த வக்கீலுக்கு நானே
கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

எலெயுத்தேரியோ என் விரலைப் பார்த்தார்.
நான் கதவைப் பார்த்தேன்.

ஆம், நான்தான்.

படிவம் திறந்தது.
இருப்பிடம் தானே நிரம்பியது.
அதன் கீழே, குறிப்பு என்ற சின்னக் கட்டத்தில்
தட்டத் தொடங்கினேன்:
மேற்கிலிருந்து காற்று.
பேருந்தை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது.
வேலிமுள்ளில் ரோமம்.
பக்கத்து இருக்கையில் ஒருவர்,
பெயர்

"முழுப்பேரா போடுங்க," என்றார்.
எழுத்து எழுத்தாகச் சொன்னார்.
பாதியில் சிக்னல் போனது.
தட்டிக்கொண்டே இருந்தேன்.